அப்பாவின் ஸ்பிளெண்டரும் என் பி.காமும்

பி.காம் படித்தவனுக்கு உலகத்தில் இரண்டே வகைச் செலவுதான். ஒன்று கேபிடல் எக்ஸ்பெண்டிச்சர், இன்னொன்று ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர். புதிதாக ஒரு சொத்து வாங்கினாலோ, இருக்கிற சொத்தின் மதிப்பைக் கூட்டினாலோ அது முதல் வகை. இருப்பதை இருக்கிற மாதிரியே ஓட வைக்கச் செய்கிற செலவு இரண்டாவது வகை. இதை மூன்று வருஷம் படித்து, பரீட்சையில் அடிஷனல் ஷீட் வாங்கி எழுதி, பாஸும் பண்ணினேன். ஆனால் புரிந்தது 2025 ஜூன் மாதம், குரங்கணி ரோட்டு இறக்கத்தில், பிரேக் பிடிக்காத ஒரு பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான். பின் சீட்டில் அப்பா.

முதலில் அந்த பைக்கை உங்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறேன். ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். 1998-ல் அப்பா வாங்கியது. 97.2 சிசி, நாலு கியர், கறுப்பு கலர். மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. நம்பர் பிளேட்டில் 'டி.என். 60' என்று எழுதிக்கொள்வதே ஊருக்குள் ஒரு கெத்து. எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய். அப்பா போடியில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கப்பிள்ளை. அவர் சம்பளத்துக்கு அது பைக் அல்ல, பொண்ணு கல்யாணம்.

ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் இந்தச் சொத்துக்கு தேய்மானம் போட்டுப் பார்த்தேன். இன்கம்டாக்ஸ் கணக்குப்படி வருஷத்துக்கு 15 சதவீதம் கழித்துக்கொண்டே வந்தால் 27 வருஷத்தில் 42,000 ரூபாய் 520 ரூபாய்ச் சொச்சத்தில் வந்து நிற்கிறது. சரி, இதை ரோட்டில் ஓட்ட அரசாங்கத்துக்கு என்ன கட்ட வேண்டும்? பதினைந்து வருஷம் முடிந்த பைக்கை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கூட்டிப்போய் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2018-ல் போனபோது அதற்கான கட்டணம் 300 ரூபாய். 2023-ல் போனபோது 1000. 2025 ஆகஸ்டில், இருபது வயதைத் தாண்டிய பைக் என்றால் 2000 என்று ஆக்கிவிட்டார்கள். அடுத்து 2028-ல் நான் போய் நிற்கும்போது, சொத்தின் மதிப்பைப்போல நாலு மடங்குக்கு மேல் கட்டணம் கட்டுகிற கண்கொள்ளாக் காட்சியை நீங்கள் தேனியில் காணலாம்.

அப்பா இந்தக் கணக்கெல்லாம் பார்த்ததில்லை. அவர் பார்த்தது வேறு கணக்கு. பைக் வாங்கிய அன்றைக்கே ஒரு குயர் நோட்டு வாங்கி அட்டை போட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் போட்டுவிட்டார். தேதி, கிலோமீட்டர், பெட்ரோல், ஆயில், ரிப்பேர், ரூபாய் என்று ஆறு கட்டம். ஏலக்காய்க் கடைப் பேரேடு எப்படியோ, இது பைக்குப் பேரேடு. பஞ்சர் ஒட்டின பத்து ரூபாய் கூட அதில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் வாசலில் ஒரு சாக்கை விரித்து, வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் உத்தியோகம் பத்து-பன்னிரண்டு ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது. கேட்டால் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் கொடுத்தால் திட்டு, கேட்ட பிறகு தேடினாலும் திட்டு. பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து செயினை ஒரு சுற்று தேய்ப்பார். துணியால் துடைப்பார். ஆயில் விடுவார். பிறகு செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பார். முக்கால் இஞ்ச், மிஞ்சினால் ஒரு இஞ்ச் ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் லூஸ், ஆடவே இல்லையென்றால் டைட். டைட்டாக வைத்தால் பேரிங் போய்விடும் என்பார். (இந்தப் பாடத்தை நான் பின்னாளில் குடும்ப வாழ்க்கைக்கும் பயன்படுத்திப் பார்த்தேன். மனைவி இதைப் படிப்பார் என்பதால் விவரம் வேண்டாம்.)

கடைசியாகப் பின்சக்கரத்துப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிரேக்கை அமுக்கச் சொல்வார். நான் கையால் பெடலை அமுக்குவேன். பிரேக் டிரம்மின் வெளிப்பக்கம், பிரேக் கம்பி வந்து சேர்கிற இடத்தில், சின்னதாக ஒரு அம்புக்குறி உண்டு. எதிரே தகட்டில் ஒரு அடையாளம். பிரேக்கை அழுத்தும்போது அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டுவிட்டால் உள்ளே ஷூ தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அர்த்தம். வண்டியைத் தயாரித்தவன் நமக்கு எழுதி வைத்த போஸ்ட் கார்டு அது. உங்கள் வண்டியிலும் டிரம் பிரேக் இருந்தால் இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு இப்போதே போய்ப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் குரங்கணி. கடைக்கு மிளகும் ஏலமும் போடுகிற சிறு விவசாயிகளுக்குக் கணக்கு முடிக்க வாரத்துக்கு ஒருதரமாவது அப்பா அந்தப் பக்கம் போவார். போடியிலிருந்து முந்தல் போனால் ரோடு இரண்டாகப் பிரியும். ஒன்று பதினேழு கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டு ஏறிக் கேரளாவுக்குப் போய்விடும். இன்னொன்று கொட்டகுடி ஆற்றை ஒட்டி மாந்தோப்பு, இலவம்பஞ்சு மரம் என்று வளைந்து வளைந்து குரங்கணிக்குப் போகும். வெளியூர்க்காரர்களுக்கு குரங்கணி என்றால் 2018 மார்ச் 11-ம் தேதி காட்டுத்தீதான் ஞாபகம் வரும். மலையேற வந்த 23 பேரைக் கொண்டுபோன தீ. போடிக்காரர்களுக்கு அந்தப் பெயரில் அதுவும் உண்டு, மாம்பழ வாசனையும் உண்டு.

2009-ல் ஸ்பிளெண்டரின் மீட்டர் 99,999-ஐத் தொட்டது. அதில் ஐந்து எண்களுக்குத்தான் இடம். அடுத்த கிலோமீட்டரில் ஐந்து முட்டையாகத் திரும்பியது. முந்தல் தாண்டி நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, அந்த முட்டைகளைக் கண் நிறையப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அரை கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார் அப்பா. நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே 'ஸ்வீட்' என்று எழுதியிருக்கிறார். வண்டிக் கணக்கில்!

2017-ல் அவருக்கு மூட்டு வலி வந்து கிக்கர் உதைக்க முடியாமல் போனதும் சாவி என் கைக்கு வந்தது. கூடவே நோட்டும். சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஹீரோ ஹோண்டாவுக்கு எண்பதுகளில் ஒரு விளம்பரம் வரும். பெட்ரோலை நிரப்பு, மூடு, மற என்கிற மாதிரி. அவர்கள் மறக்கச் சொன்னது பெட்ரோல் பங்க்கை. நான் மறந்தது சர்வீஸை. ஏழு வருஷம் அது பாட்டுக்கு ஓடியது. நானும் அது பாட்டுக்கு விட்டேன். கிளட்ச் கேபிள் அறுந்தால் கேபிள், பல்பு போனால் பல்பு. அவ்வளவுதான் எங்கள் உறவு.

2024 தீபாவளிக்கு ஒரு பத்திரிகையில் எழுதிய தொடருக்குப் பணம் மொத்தமாக வந்தது. ஃப்ரீலான்ஸ்காரன் கையில் மொத்தமாகப் பணம் வருவது என்பது குறிஞ்சி பூப்பது மாதிரி. பூத்தவுடன் புத்தி மாறிவிட்டது. பின்பக்கம் பெரிய டயர். கம்பிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அலாய் வீல். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டு ஐஸ்கிரீம் கோன் மாதிரி ஒரு ஃபில்டர். வெள்ளை வெளேரென்று எல்.ஈ.டி. லைட். கடைசியாக, தெருவே எழுந்து பார்க்கிற ஒரு சைலன்ஸர். மொத்தம் 14,600 ரூபாய். ஐநூற்று இருபது ரூபாய்ச் சொத்துக்கு!

"பிரேக் ஷூ ஒரு செட்டு பாத்துரலாமாண்ணே? முந்நூறு ரூவாகூட வராது" என்றான் கடைப் பையன். அப்போது என் காதில் சைலன்ஸர் மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது. "அடுத்த மாசம் பாத்துக்கலாம் தம்பி" என்றேன்.

பலன்கள் ஒவ்வொன்றாக வந்தன. கோன் ஃபில்டர் காற்றை அள்ளி அள்ளி விட, பெட்ரோல் அதற்கு ஈடு கொடுக்காமல், பிளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்திருந்தது. என்ஜின் கொதித்தது. பெரிய டயர், பார்க்க எருமைக்கடா மாதிரி ஜோர். மேட்டில் ஏறும்போதும் எருமைக்கடா மாதிரிதான். எல்.ஈ.டி.க்குத் தீனி போட்டே பேட்டரி இளைத்து, ஹாரன் அடித்தால் கொசு அழுதது. மைலேஜ் அறுபத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு. அப்பா இதில் எதையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்காவது போக வேண்டுமென்றால் டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்திருந்தார். மூட்டுவலிக்கு பஸ்தான் வசதி என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த ஜூன் மாதம் அவராகவே வந்தார். குரங்கணியில் அவருக்கு முப்பது வருஷப் பழக்கமான ஒரு பெரியவர் படுத்த படுக்கையாக இருப்பதாகத் தகவல். "பஸ்ஸுக்கு நேரமாகுது. கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

போகும்போது ஒன்றுமில்லை. இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறினோம். பெரியவர் கட்டிலில் இருந்தபடியே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாத நிலையிலும், "வண்டி அதே வண்டியா?" என்று கேட்டார். "அதேதான்" என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது அந்த வீட்டில் ஒரு பை நிறைய மாம்பழம் கொடுத்தார்கள். அதைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொண்டேன்.

இறக்கம் வந்ததும் நான் வழக்கமாகச் செய்கிற காரியத்தைச் செய்தேன். என்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரலில் விட்டேன். லிட்டர் நூறு ரூபாய் விற்கிற பெட்ரோலில் ஐந்து கிலோமீட்டர் மிச்சம்! பி.காம் மூளை.

முதல் இரண்டு வளைவு வரை சுகமாக இருந்தது. காற்று, ஆற்றுச் சத்தம், மாம்பழ வாசனை. மூன்றாவது வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் போயிற்று, வண்டி நிற்கவில்லை. இன்னும் மிதித்தேன். கருகின வாசனை மட்டும் மேலே வந்தது. முன் பிரேக்கைப் பிடித்தால் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுக்கொண்டு நலம் விசாரித்தது. வேகம் கூடிக்கொண்டே போகிறது. வலது பக்கம் பள்ளம், கீழே ஆறு. எதிரே ஒரு ஜீப் ஆள் ஏற்றிக்கொண்டு வருகிறது. ஹாரனை அமுக்கினேன். சாவிதான் ஆஃபில் இருக்கிறதே!

காதுக்குப் பின்னால் அப்பாவின் குரல், ஏதோ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற தொனியில்:

"கிளட்ச்சப் பிடி. ரெண்டாவது கியர் போடு. பைய விடு."

போட்டேன். பையத்தான் விட்டேன் என்று நினைக்கிறேன். பின்சக்கரம் ஒருமுறை கிறீச்சென்று இழுபட்டு, வண்டியின் வாலை யாரோ பிடித்து இழுத்த மாதிரி வேகம் சடாரென்று விழுந்தது. ஜீப்பின் பம்பர் என் முழங்காலை உரசுகிற தூரத்தில் கடந்து போனது. இடது பக்கம் ஒரு மாந்தோப்பின் மண் கரையில் முன்சக்கரத்தை முட்டி நிறுத்தினேன். மாம்பழங்கள் ரோட்டில் உருண்டு, எங்களை முந்திக்கொண்டு போடிக்குப் போக முயற்சி செய்தன.

அப்பா இறங்கினார். வேட்டியைத் தட்டிக்கொண்டார். மூட்டுவலிக்காரர், அங்கேயே பின்சக்கரத்துப் பக்கம் கஷ்டப்பட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "பிரேக்க அமுக்கு" என்றார். முப்பத்தாறு வயசில், கையால் பெடலை அமுக்கினேன். அம்புக்குறி அடையாளத்தைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

"பாத்தியா?" என்றார். அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

டிரம் சூட்டில் கை வைக்க முடியவில்லை. ஆறும் வரைக்கும் மரத்தடியில் உட்கார்ந்தோம். எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, அப்பா ஊர்க் கதை பேச ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் மூணாறு பக்கத்துத் தேயிலையைக் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறக்குவார்கள். அப்புறம் வண்டி மாடு கட்டி போடிக்கு. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதையே அடித்துக்கொண்டு போய்விட்டது. "ஏத்துறது பெரிய விஷயமில்லடா. இந்த மலையில எல்லாரும் கஷ்டப்பட்டது எறக்குறதுக்குத்தான்" என்றார். பிறகு, "எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்ல எறங்கணும். பிரேக்கு நிறுத்துறதுக்கு. எறங்குறதுக்கு என்ஜினு."

சூடு ஆறியதும் இரண்டாவது கியரிலேயே, என்ஜின் ஓட, சைக்கிள்காரன் முந்திப் போகிற வேகத்தில் வீட்டுக்கு வந்தோம்.

அன்றைக்கு ராத்திரி பீரோவில் அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். 2017 ஆகஸ்டோடு அப்பாவின் எழுத்து நிற்கிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். காலிதான். ஆனால் ஆறு கட்டமும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. அதற்கடுத்த பக்கமும். நோட்டு முடிகிற வரைக்கும், எனக்காக, எல்லாப் பக்கத்திலும் கோடு போட்டு வைத்துவிட்டுத்தான் சாவியோடு கொடுத்திருக்கிறார். நடுவில் நாலு பக்கத்தில் என் பெண் யானை வரைந்திருந்தாள்.

மறுநாள் முந்தல் ரோட்டில் அப்பா எப்போதும் விடுகிற மெக்கானிக்கிடம் போனேன். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். "என்ன தம்பி, கெழவருக்கு கூத்துக்கு வேஷம் கட்டி வச்சிருக்கீங்க?" என்றார்.

டிரம்மைத் திறந்தார். கறுப்பு மாவு கொட்டியது. ஷூவின் லைனர் தேய்ந்ததோடு, சூட்டில் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆகியிருந்தது. அந்தப் பளபளப்பு எதையும் பிடிக்காது, வழுக்கத்தான் செய்யும். பின் பல்சக்கரத்தில் செயினைப் பிடித்து வெளியே இழுத்தார். செயினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பற்கள் நேராக நிற்காமல் சுறா மீன் பல் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. "செயினை மட்டும் மாத்துங்கண்ணே" என்றேன். தேய்ந்த பல்லில் புது செயினைப் போட்டால் புது செயினையும் அது தின்றுவிடும், மூன்றையும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும் என்றார். பெட்ரோல் டியூபும் கார்ப்ரேட்டருக்குள் இருக்கிற ரப்பர் வளையங்களும் மாற்ற வேண்டிய லிஸ்டில் சேர்ந்தன. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது, தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும் என்றார். பழைய வண்டிக்காரர்கள் டேங்க்கை அரைகுறையாக மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

"முன்னாடி டிஸ்க் பிரேக் போட்டுரலாமா?" இவ்வளவு பட்டும் என் கேபிடல் எக்ஸ்பெண்டிச்சர் ஆசை போகவில்லை. ஃபோர்க், ஹப், மேலே மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் மாற்ற வேண்டும் என்று விரல் விட்டு எண்ணினார். "இருக்கிற பிரேக்கையே ஏழு வருஷம் திறந்து பாக்கல. அதை வாங்கி என்ன பண்ணப்போறீங்க?" என்றார். அலாய் வீல், பெரிய டயர், கோன் ஃபில்டர், எல்.ஈ.டி. எல்லாம் கழன்று, வீட்டுப் பரணில் குடியேறின. சைலன்ஸரும் கழன்றது. ஆர்.சி.யில் எழுதியிருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவே இருக்கிறதாம். எஃப்.சி.க்கு அந்தச் சத்தத்தோடு போயிருந்தால் இன்ஸ்பெக்டர் என்னையும் சேர்த்துக் கழற்றியிருப்பார்.

முன்பின் பிரேக் ஷூ, கேபிள், செயின் செட், ஆயில், ஃபில்டர், பிளக், டியூப், பழைய அளவில் புது டயர், லேபர். மொத்தம் 6,340 ரூபாய். வண்டியில் புதிதாக எதுவும் தெரியவில்லை. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மைலேஜ் அறுபத்திரண்டு.

வண்டி வந்த அன்றைக்கு அப்பா வாசலில் நின்று, நான் கிக்கரை உதைத்ததும் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பின் சீட்டுக்கு முதுகு சாய ஒரு கம்பி வச்சா தேவலை. இனிமே நாந்தானே பின்னாடி?" என்றார். 450 ரூபாய். என் வாழ்க்கையில் ஆடிட்டரே முன்வந்து சாங்ஷன் செய்த முதல் கேபிடல் எக்ஸ்பெண்டிச்சர்.

யானைகளுக்கு அடுத்த பக்கத்திலிருந்து நோட்டை மறுபடி எழுத ஆரம்பித்தேன். மாதம் முடிந்ததும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்டிப் பார்ப்பார். போன மாதம் கூட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பன்னெண்டு ரூவா இடிக்குதே?"

"டீ குடிச்சிருப்பேன்ப்பா."

"டீ எப்படிடா வண்டிக் கணக்குல வரும்?"

மைசூர்பாகு வந்திருக்கிறதே என்று 2009-ம் வருஷப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அது வண்டிக்கு வாங்கியதாம். பன்னிரண்டு ரூபாயை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.